சத்தத்துக்குள் யாராவது

முதலில் என்னை அவமானப்படுத்தியவன் என் கூடப்பிறந்த அண்ணன் ஆவுடையப்பன். அவனுக்குப் பிறகு செய்தவர்களும் உண்டு, அவர்களையும் நான் மறக்கவில்லை, ஆனால் முதல் ஆள் அவன்தான். இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், இந்தக் குழாய்க்குள் மல்லாக்கப் படுத்துக்கொண்டும் சொல்வேன். வாய்விட்டுச் சொல்ல முடியாது, வாயைத் திறக்கக் கூடாதாம். தலையை அசைக்கக் கூடாதாம். எச்சிலைக்கூடச் சத்தம் நிற்கும்போது விழுங்கச் சொல்லியிருக்கிறாள் அந்த டாக்டர் பெண், பெனிட்டா. காதில் ரப்பரைத் திணித்து, தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சுத் துண்டை அடைத்து, முகத்துக்கு மேலே ஒரு வெள்ளைக் கூண்டைக் கவிழ்த்து மாட்டிவிட்டார்கள். கையில் ஒரு ரப்பர் குமிழ், பழைய சைக்கிள் ரிக்‌ஷா ஹாரனில் இருக்குமே, அது மாதிரி. முடியவில்லையென்றால் இதை அமுக்குங்கள், உடனே வெளியே எடுத்துவிடுவோம், ஆனால் முடிந்தவரைக்கும் அமுக்காதீர்கள் என்றாள். கூண்டுக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, அதில் ஒரு கூட்டல் குறி தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். எதையும் குறிப்பாக நினைக்க வேண்டாம், தூங்கவும் வேண்டாம், மனசை அது போகிற போக்கில் விட்டுவிடுங்கள் என்றாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவனுக்கு இவ்வளவு லேசான பரீட்சையை இதுவரை யாரும் வைத்ததில்லை. போகிற போக்கில் விட்டேன். அது நேராக ஆவுடையப்பன் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய் நிற்கிறது.

அவன் புது வீடு கட்டியிருந்தான். பந்தல் என் கடையிலிருந்து போனது. அண்டா, கரண்டி, வாளி, பந்திக்கு மேசை, உட்கார நாற்காலி எல்லாம் என் வாடகைக் கடைச் சாமான்தான். அண்ணன் வீட்டு விசேஷத்துக்கு வாடகை கேட்பேனா? முதல்நாள் நானே நின்று கால் நட்டேன். மறுநாள் குளித்து, புது வேட்டி கட்டி, சுபாவைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். அப்போது அவள் இவ்வளவு உயரம், பாவாடை தடுக்கிவிடும் வயசு. முதல் பந்தியில் இடம் இருந்தது, உட்கார்ந்தோம். இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, உப்பு வைத்தாயிற்று, ஊறுகாய் வந்துவிட்டது. அவன் சம்பந்தி வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். ஆவுடையப்பன் என் தோளில் கை வைத்தான். "ஏல, எந்திரி. நீ வீட்டாளுதான, அடுத்த பந்தியில உக்காந்துக்கிடலாம். எந்திரி எந்திரி." இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனை எழுப்பினான். என் நாற்காலியிலிருந்தே என்னை எழுப்பினான். நான் எழுந்தேன். அதுதான் இன்னும் வேகிறது, அவன் சொன்னது பாதி, நான் எழுந்தது பாதி. சுபா ஊறுகாயை நக்கிய விரலோடு என் முகத்தைப் பார்த்தாள். என் இலைக்கு முன்னால் எவனோ ஒருவன் உட்கார்ந்து, நான் தெளித்த தண்ணீர் காய்வதற்குள் சோற்றுக்குக் கை நீட்டினான். அந்த மனிதனின் முகம் ஞாபகமில்லை, மோதிரம் ஞாபகம் இருக்கிறது. வெளியே வந்த நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு. அவன் என் வீட்டு வாசலுக்கு வந்து, 'தப்புதான், வா, வந்து உட்காரு' என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். ஆள் விட்டுச் சொல்லக் கூடாது, பெண்டாட்டியை விட்டுச் சொல்லக் கூடாது. வேறு எதுவும் அவன் எனக்குத் தர வேண்டாம்.

சத்தம் ஆரம்பித்துவிட்டது. முதலில் யாரோ தகரத்தைத் தட்டுவது போல, பிறகு தையல் மிஷின் போல. குளிர்கிறது. பச்சை அங்கியை மாட்டிவிட்டு, போர்வையை இடுப்பிலிருந்து கால்வரைக்கும் இழுத்து மூடியும் குளிர்கிறது. இடுப்பு லேசாக இருக்கிறது, வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அது இல்லாமல் நான் படுத்ததில்லை, பிறந்தமேனிக்கு நடுத்தெருவில் கிடக்கிற மாதிரி இருக்கிறது. உடம்புக்குள் எங்கேயாவது இரும்பு, கம்பி, பிளேட்டு வைத்திருக்கிறதா என்று பெனிட்டா கேட்டாள். நான் இல்லை என்பதற்குள் என் வீட்டுக்காரி பூரணம், "நெஞ்சுக்குள்ள ஒண்ணு இருக்கு டாக்டர், கல்யாணம் ஆன நாளா நானும் பாக்குதேன், எடுக்க முடியல" என்றாள். அந்தப் பெண் பதறிவிட்டாள். "நெஞ்சிலயா? ஸ்டென்ட் வச்சிருக்காங்களா? முதல்லயே சொல்ல வேண்டாமா அம்மா?" பூரணம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆஸ்பத்திரியில் வைத்து என்னைக் கேலி செய்தாள், அதுவும் வரிசையில் சேர்ந்தாயிற்று. ஆனால் அவள் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. சுபா சிரிக்கவில்லை. சுவரோரமாக, நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்து, பெருவிரலைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏன் இதற்குள் கிடக்கிறேன் என்றால் அவளுக்காகத்தான். படம் எடுக்க வேண்டியது அவள் தலையை. வீட்டு ஆட்கள் தலையையும் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க நல்லது, விருப்பமிருந்தால் வாருங்கள் என்றார்கள். நான் வருவதாக இல்லை. என் தலையைத் திறந்து பார்த்து ஆவுடையப்பன் பக்கத்து ஆட்கள் யாராவது, 'பாத்தியா, இவன்கிட்டயிருந்துதான் வந்திருக்கு' என்று சொல்லவா? ஆனால் சுபா இந்த மிஷின் போடும் சத்தத்தைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டதும் பின்வாங்கிவிட்டாள். சத்தத்துக்குப் பயமில்லை அவளுக்கு. சத்தத்துக்குள் இருக்கிற ஆளுக்குப் பயம்.

வீட்டில் மிக்ஸி ஓடினால் அவளுக்கு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். மோட்டார் போட்டால், மழை தகரத்தில் விழுந்தால், பஸ் ஏறினால். பேர் சொல்லிக் கூப்பிடுமாம், சில சமயம் அவளைப் பற்றி இரண்டு பேர் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்களாம். மிக்ஸியை நிறுத்தினால் நின்றுவிடும். நிஜமில்லை என்று அவளுக்கே தெரியும், தெரிந்தும் திரும்பிப் பார்ப்பாள். அப்படித் தெரிகிறதே, அதுதான் நல்ல விஷயம் என்று பெனிட்டா சொன்னாள். இது இன்னும் நோய் இல்லை, நோயின் வாசலில் நிற்கிற மாதிரி, உள்ளே போகலாம், போகாமல் திரும்பியும் வரலாம், திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர் என்றாள். இப்போதே நாம் பக்கத்தில் நிற்பது முக்கியம் என்றாள். அதற்குத்தான் இந்தப் படமும், ஊசி மருந்து எதுவும் இல்லாத இந்தச் சோதனைகளும், வாராவாரம் மதுரைக்கு வந்து போவதும். எல்லாம் சரியென்று கேட்டுக்கொண்டிருந்த சுபா, மிஷின் ரூம் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். பூரணம் கெஞ்சினாள், நர்ஸ் கொஞ்சினாள். பிறகு சுபா என்னைப் பார்த்து, இல்லை, என் சட்டைப் பொத்தானைப் பார்த்து, ரொம்ப நாளைக்குப் பிறகு முழு வாக்கியமாக ஒன்று சொன்னாள். "யப்பா, நீங்க முதல்ல போங்க. போயிட்டு வந்து சொல்லுங்க, உள்ள யாராச்சும் பேசுதாங்களான்னு." பெனிட்டா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணுமே கேக்காது சார், வெறும் சத்தம்தான். வந்து அவகிட்ட அதை மட்டும் சொல்லுங்க, தைரியமாயிருவா" என்றாள். லேசான வேலை. குமிழை அமுக்காமல் கிடக்க வேண்டும், வெளியே வந்து ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். நான் குமிழை அமுக்கினால் சுபா கதவைத் தாண்ட மாட்டாள், இன்றைக்கு இல்லை, என்றைக்குமே. கூண்டுக்குள் மூக்கு அரிக்கிறது. கூட்டல் குறி மங்கி மங்கித் தெளிகிறது.

சுபா பேச்சை நிறுத்தியது எப்போது என்று பெனிட்டா கேட்டாள். எங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்ல? எங்கள் வீட்டில் யார் எப்போது பேச்சை நிறுத்தினார்கள் என்பதற்கு ஒரு நாள் பூராவும் கதை சொல்லலாம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஆவுடையப்பனும் நானும் ஒரே தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்போம். கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவன் சுபாவிடம், "சாமி எப்ப எறங்குதுன்னு உங்கப்பன்ட்ட கேளு" என்பான். எனக்குக் காது கேட்கும். ஆனாலும் சுபா வந்து என்னிடம் கேட்ட பிறகுதான் பதில் சொல்வேன், அவளிடம் சொல்வேன், அவள் போய் அவனிடம் சொல்வாள். இரண்டு எட்டு. பாவாடையைத் தூக்கிக்கொண்டு அந்த இரண்டு எட்டு ஓடுவாள், அவளுக்கு அது விளையாட்டு. வீட்டுக்குள்ளும் அப்படித்தான். ஆவுடையப்பன் பெண்டாட்டி காய்ச்சலில் கிடந்தபோது பூரணம் எனக்குத் தெரியாமல் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிலிருந்து எனக்கும் அவளுக்கும் நேர்ப் பேச்சு இல்லை. "சுபா, உங்கப்பாவுக்கு இன்னும் ரெண்டு தோசை வேணுமான்னு கேளு." "சுபா, தோசை கருகிட்டுன்னு உங்கம்மாட்ட சொல்லு." "சுபா, கருகினது தோசையா அவரு மனசான்னு கேளு." பிள்ளை நடுவில் உட்கார்ந்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்கும். சில சமயம் நாங்கள் சொன்னதை மாற்றிச் சொல்லும். நான் கருகிவிட்டது என்றால், "அப்பாவுக்குப் போதுமாம்மா" என்று சொல்லும். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்வேன். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டால் என்ன நினைப்பார்கள்? யார் மேலோ கோபம் என்றுதான் நினைப்போம். எங்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

காலேஜ் சேர்ந்த வருஷம். வீட்டுக்கு வந்த சிநேகிதிகளை வாசலோடு அனுப்பினாள். எதிர் வீட்டு அக்காள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கல்யாண வீட்டுக்கு வருவதில்லை. பூரணம் யார் என்ன சொன்னார்கள் என்று தெருவெல்லாம் விசாரித்தாள். நான் விசாரிக்கவில்லை. எனக்குள் ஒரு நிமிர்வு வந்தது. கோயில் கொடையில் ஆவுடையப்பன் இவளை மறித்து, "என்ன சுபா, காலேஜ்லாம் எப்படிப் போகுது?" என்றான். இவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரித்துப் பார்த்தான், தலையைத் தடவப் பார்த்தான், இவள் மரம் மாதிரி நின்றுவிட்டு விலகி நடந்து வந்தாள். அவன் கை அந்தரத்தில் நின்றதை ஊரே பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. எம் பிள்ளை! அப்பனை எழுப்பியவனை மறக்காத பிள்ளை! வீட்டுக்கு வந்து, "ஏம்மா, பெரியப்பா பேசுனதுக்கு ஏன் பதில் சொல்லல?" என்று கேட்டேன், அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டுக் கேட்டேன். அவள் சொன்னாள், "அவங்க வாய் தனியா அசையுது யப்பா, சத்தம் வேற எங்கேயிருந்தோ வருது." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் பொய்யன் என்பதை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்? கடையில் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். பந்தல் கட்ட வந்த ஆட்களிடம் சொன்னேன். வாய் தனியாம் வே, சத்தம் தனியாம். எல்லோரும் சிரித்தார்கள். சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நான் சிரித்து முடிக்கும்வரை நின்றாள், பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த நிற்பு. வாய் தனியே அசைந்தது, சத்தம் வேறு எங்கேயோ. அவள் கேலி பேசவில்லை, கண்டதைச் சொன்னாள். சரி, அதற்கு நான் என்ன செய்ய? அவன் அன்றைக்கு என்னை எழுப்பாமல் இருந்திருந்தால், எனக்கு ஏன் அதில் சிரிப்பு வந்திருக்கப் போகிறது?

சத்தம் மாறிவிட்டது. தடதடவென்று இருந்தது இப்போது ஒரே சீராக, அடித் தொண்டையில் ஒருவன் இருமுவது போல. கூட்டல் குறி. கூட்டல் குறி. பெனிட்டா ஒரு படம் காட்டினாள், யாருடைய தலையோ, உள்ளே சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக. மூளையில் இந்த இடம், அந்த இடம் என்று பல இடங்கள் இருக்கின்றன, ஒன்றோடு ஒன்று ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும், நாம் சும்மா இருக்கும்போதும் பேசிக்கொண்டேதான் இருக்கும் என்றாள். ஒருவர் முகத்தைப் பார்த்ததும் கோபமா சிரிப்பா என்று புரிவது, கேட்டதற்குப் பதில் சொல்வது, நாலு பேரோடு ஒட்டி இருப்பது, எல்லாமே அந்தப் பேச்சால்தான். சில பிள்ளைகளுக்கு அந்தப் போக்குவரத்து குறைந்திருக்கிறது, சில இடத்தில் தேவைக்கு மேலே இருக்கிறது. சுபாவுக்கு எப்படி என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. நான் கேட்டேன், "பேச்சு வார்த்தை இல்லாத வீட்டில வளந்தா தலைக்குள்ளயும் அப்படி ஆயிருமா டாக்டர்?" அவள், "அப்படி இல்ல சார். ஒரே ஒரு காரணத்தால இது வர்றதில்ல. உங்க மேலயோ யார் மேலயோ பழி போட முடியாது" என்றாள். பழி போட முடியாதாம். பிறகு பழியை எங்கே கொண்டுபோய் வைக்க? கையில் வைத்துக்கொண்டே நிற்கவா? அடுத்து அவள் என்னிடம், நீங்கள் யார் யாரிடம் பேசுவீர்கள், உங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள் என்று கேட்டாள். எல்லோர் வீட்டிலும் கேட்பதுதானாம். நான் பேசாதவர்களைச் சொல்கிறேன், அது சுலபம் என்றேன். சொல்லிக்கொண்டே போனேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பூரணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது நானும் பூரணமும் நேராகப் பேசுகிறோம், வேறு வழியில்லை, நடுவில் உட்கார ஆளில்லை. முதல்நாள் அவள் என்னிடம் நேராக, "சாப்பிட வாங்க" என்றபோது எனக்குக் கூச்சமாக இருந்தது, புதுப்பெண்டாட்டி மாதிரி. தலைக்குள்ளே அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு போவது எது? அங்கேயும் ஒரு சின்னப் பிள்ளை இருக்குமோ? இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஓடி ஓடி, மாற்றிச் சொல்லிச் சொல்லி, ஒருநாள் அலுத்துப்போய் நடுவிலே உட்கார்ந்துவிட்டதோ? டாக்டர் அப்படி இல்லை என்றாள். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது அது. நிற்கச் சொல்ல எனக்கு வாய் அசையக் கூடாது.

இந்தச் சத்தம் சரியில்லை. மூன்று மூன்றாக அடிக்கிறது. டக் டக் டக். சும்மா சத்தம்தான். டக் டக் டக். இல்லை, சும்மா இல்லை. எந்-தி-ரி. எந்-தி-ரி. நான் கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன், கூட்டல் குறி அங்கேயே நிற்கிறது. எந்திரி. காது ரப்பருக்கு உள்ளே, மண்டைக்கு நடுவிலே, இருமுகிற அதே தொண்டையில், ஆவுடையப்பன். நீ வீட்டாளுதான, எந்திரி. தோளில் கனம். தோளில் உண்மையாகவே கனம், போர்வையாக இருக்கும், போர்வை அங்கே வரைக்கும் இல்லையே. தொடை தானாக இறுகுகிறது. எழுந்தால் நெற்றி கூண்டில் இடிக்கும். இலை, தண்ணீர், உப்பு. இவ்வளவு பேர் பார்க்க எழுந்தவன்தானே நீ, இன்னொரு தடவை எழுந்தால் என்ன? கை குமிழைச் சுற்றி மூடிக்கொண்டது. நான் மூடவில்லை, அது மூடிக்கொண்டது. இதுதானா? மிக்ஸி ஓடும்போது அவள் திரும்பிப் பார்ப்பது இதைத்தானா? வெறும் சத்தம் என்று தெரிகிறது, நன்றாகத் தெரிகிறது, தெரிந்தும் இவன் பேசுகிறான். இதை வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸில் போனாளா, காலேஜில் உட்கார்ந்தாளா, என் எதிரே நின்று சொன்னாளா? சொன்னாள். நான் சிரித்தேன். எந்திரி. மாட்டேன். உன் வீடு இல்லை இது. என் பிள்ளைக்காகக் கிடக்கிறேன், நீ கத்து. கழுத்து நரம்பு வலிக்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பஞ்சுக்குள் இறங்குகிறது, குளிரினால். துடைக்கக் கூடாது. எந்திரி எந்திரி எந்திரி. மாட்டேன்லே. நீ வந்து சொல்ல வேண்டியது அது இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லு, இவ்வளவு தூரம் வந்துவிட்டாயே, என் மண்டைக்குள்ளேயே வந்து நிற்கிறாயே, அந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் போ. வா, வந்து உட்காரு. அதைச் சொல்லு. மூன்று மூன்றாகவே அடிக்கிறான். மாற்றமாட்டேன் என்கிறான். மிஷினுக்குள் வந்தும் அதே ரோஷம். குமிழ் கையில் நனைந்து வழுக்குகிறது. நான் விரலைப் பிரித்து வைத்துக்கொண்டேன், ஒவ்வொன்றாக.

நின்றுவிட்டது.

"முடிஞ்சுது கோமதிநாயகம் சார். கொஞ்சம்கூட அசையல நீங்க. வெரி குட்." பலகை வெளியே நகர்ந்தது. கூண்டை எடுத்தார்கள். உட்கார வைத்தபோது அறை ஒரு பக்கமாகச் சாய்ந்து நேரானது. பெனிட்டா கையைப் பிடித்துக்கொண்டு, "வெறும் சத்தம்தான, சார்?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், கதவு திறந்திருந்தது. நான் பலகையிலிருந்து காலை இறக்கினேன்.

வாசலில் சுபா கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். நான் உள்ளே போனபோது எப்படி நின்றாளோ அப்படி. பூரணம் பக்கத்தில், என் அரைஞாணைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு. நான் பச்சை அங்கியோடு சுபா முன்னால் போய் நின்றேன். என் முதுகுப் பக்கம் பெனிட்டா வந்து நிற்பது தெரிந்தது.

"யாராச்சும் பேசுனாங்களா?" சுபா என் அங்கியின் முடிச்சைப் பார்த்துக் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். சத்தம் அதிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"பேசுனான்" என்றேன்.

"சார்..." என்றாள் பெனிட்டா.

"யாரு?"

"ஒங்க பெரியப்பன்."

சுபாவின் கண் மேலே வந்தது. முடிச்சிலிருந்து கழுத்துக்கு, தாடைக்கு, பிறகு நேராக என் கண்ணுக்கு. எவ்வளவு காலமாயிற்று. அவள் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது, அதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

"உங்களுக்குமா யப்பா?"

"ஆமா. எந்திரி எந்திரின்னு ஒரே கத்து. மிஷின்தான் அடிக்குதுன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சாலும் அவன் கொரல்தான்."

"பயமாயிருந்துச்சா?"

"இருந்துச்சு. அமுக்கிருவோம்னு பாத்தேன்."

"பெறகு?"

"பெறகு என்ன. நீ கத்திக்கிட்டே கெடலேன்னு விட்டுட்டேன். மிஷின் நின்னதும் அவனும் நின்னுட்டான்."

அவள் அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள் போலிருந்தது, உதடு லேசாக அசைந்தது. பூரணம் அழுகையை அடக்கிக்கொண்டு, "மிஷினுக்குள்ளயும் அண்ணந்தம்பி சண்டையா? நல்ல குடும்பம்" என்றாள். சுபாவின் வாயோரம் ஒரு பக்கம் மட்டும் இழுத்தது. சிரிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், யாராவது சிரிப்பு என்று சொன்னால் மறுக்கவும் மாட்டேன். கம்பியை விட்டாள். காதிலிருந்த சின்னக் கம்மலைத் தானே கழற்றிப் பூரணத்திடம் கொடுத்தாள். பெனிட்டா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கோபமா வேறேதாவதா என்று எனக்குப் புரியவில்லை, எனக்கு முகம் பார்த்துப் புரிந்துகொள்ளும் திறமை எப்போதும் குறைவு, சுபாவின் தோளைத் தொடாமல் பக்கத்தில் நடந்து உள்ளே கூட்டிப்போனாள். சுபா திரும்பிப் பார்க்கவில்லை. கனமான கதவு மூடிக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தோம், நானும் பூரணமும், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. பழக்கம். கொஞ்ச நேரத்தில் சுவருக்குப் பின்னால் தகரத்தைத் தட்டுவது போல ஆரம்பித்தது. நான் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். வெளியே இருந்து கேட்டால் வெறும் சத்தம்தான், அதில் யாரும் இல்லை. உள்ளே அவளுக்கு யார் வந்திருக்கிறார்களோ? கத்தட்டும். மிஷின் நின்றால் நிற்பார்கள். அவள் விரலைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே.

"நீங்க உள்ள இருக்கும்போது போன் வந்துச்சு" என்றாள் பூரணம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"யாரு?"

"பெரியத்தான், உங்க அண்ணந்தான். எப்படி விவரம் தெரிஞ்சுதோ. எப்படி இருக்கான்னு கேட்டாக. கொரல் சரியில்ல, அழுத மாதிரி இருந்துச்சு."

"எப்படி இருக்கான்னு யாரக் கேட்டான்?"

"சுபாவத்தான்."

தட்டுவது நின்று தையல் மிஷின் சத்தம் தொடங்கியது. குமிழ் அமுக்கப்படவில்லை.

"என்னக் கேட்டானா?"

பூரணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. நடுவில் சுபா உட்கார்ந்திருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பாள்.

"இல்ல" என்றாள்.

"சரி" என்றேன். அவன் எனக்குச் சொல்ல வேண்டியது அப்படியே கிடக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.